மரங்களை வெட்டிச் செய்த அஞ்சலி

மார்க் லானகன் 2022 பெப்ரவரி 22ஆம் திகதி, அயர்லாந்தின் கிலார்னியில், தன் 57ஆவது வயதில் இறந்துபோனார். அன்றிலிருந்து அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க எரிச்சல் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. புகழ்ச்சியில் யாரும் கஞ்சத்தனம் காட்டவில்லை. விஸ்கி, சிகரெட், சரளைக்கல், கல்லறை என்று அவருடைய குரலுக்கு உவமை சொல்ல எல்லோரும் இந்த நாலு சொற்களையே மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள். அது போகட்டும். என் சண்டை அந்த அஞ்சலிகள் சொல்லும் கதையோடு. ஒரு மூலை ஊரில் ஒரு மேதைக் குரல் பிறந்ததாம். சுமாரான ஒரு இசைக்குழுவில் பதினைந்து வருடம் சிக்கி வீணானதாம். அதிலிருந்து தப்பி வெளியே வந்த பிறகுதான் கலைஞனானதாம்.

அந்தச் 'சுமாரான இசைக்குழு'வின் பெயர் ஸ்க்ரீமிங் ட்ரீஸ். அலறும் மரங்கள். (கவித்துவமான பெயர் என்று மயங்க வேண்டாம். காலால் மிதித்துக் கிட்டாரின் ஒலியைக் கூர்மையாக்கும் ஒரு சின்னப் பெட்டியின் பெயர் அது.) பாடகரை உயரமாகக் காட்டுவதற்காக அந்த மரங்களை வெட்டிச் சாய்ப்பதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. லானகனின் குரல் வளர்ந்த இடம் அந்தக் குழுவின் பாட்டுகள். அவற்றை எடுத்துவிட்டால், பிற்பாடு நாம் கொண்டாடிய லானகன் இல்லை.

இங்கே பிறந்து வளர்ந்த வாசகர்களுக்கு நிர்வாணாவும் பேர்ல் ஜாமும் தெரியும். ட்ரீஸை 'நியர்லி லாஸ்ட் யூ' என்ற ஒற்றைப் பாட்டால் சிலர் அறிந்திருக்கலாம். மூத்தவர்களுக்கு ஒன்றுமே தெரியாமலிருக்கலாம். ஆகவே கொஞ்சம் ஊரைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வழக்கின் பாதி ஊரில்தான் இருக்கிறது.

எலென்ஸ்பர்க் வாஷிங்டன் மாநிலத்தின் நடுவில், கிட்டிட்டாஸ் பள்ளத்தாக்கில் இருக்கிறது. சியாட்டிலிலிருந்து கிழக்கே, காஸ்கேட் மலைகளைத் தாண்டி, ஏறக்குறைய 170 கிலோமீட்டர். மலைக்கு மேற்கே மழையும் கடலும் ஊசியிலைக் காடும். கிழக்கே ஓயாத காற்று, வறண்ட மேடுகள், மாட்டுக்கும் குதிரைக்கும் தீவனப்புல் விளைகிற வயல்கள். ஒரு பல்கலைக்கழகம் உண்டு. செப்டெம்பர் தொடக்கத்தில் ரோடியோ விழா உண்டு. வேறு பெரிதாக ஒன்றுமில்லை. இந்த ஊரில் கானர் என்றொரு குடும்பம் வீடியோக் கடை நடத்தியது. மூத்த மகன் காரி லீ கிட்டார் வாசித்தான், இளையவன் வான் பேஸ் கிட்டார். அதே ஊர்ப் பையனான மார்க் லானகன் அந்தக் கடையில் வேலை பார்த்தான். மார்க் பிக்கெரல் என்ற இன்னொரு பையன் டிரம்ஸ். எண்பதுகளின் நடுவில் இவ்வளவுதான் மூலதனம்.

வீடியோக் கடையிலிருந்து ஒரு உலகம் கிளம்ப முடியும் என்பதைத் தொண்ணூறுகளில் ஸ்காபரோவின் தமிழ் வீடியோக் கடைகளுக்குள் நின்று வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கிரஞ்ச் என்று பின்னால் பெயர் வைக்கப்பட்ட இசையின் வரலாற்றைச் சியாட்டில் நகரின் வரலாறாகவே எழுதிவிட்டார்கள். அந்த வரைபடத்தில் எலென்ஸ்பர்க் ஓரத்தில் ஒரு புள்ளி. ஆகவே ட்ரீஸும் ஓரத்தில் ஒரு புள்ளி. நிர்வாணாவின் அலை தூக்கிவந்த குப்பைகளில் அதுவும் ஒன்று என்பதுபோல எழுதுகிறவர்களை இன்றைக்கும் காணலாம். ஆண்டுக்கணக்கை எடுத்துப் பாருங்கள். ட்ரீஸின் முதல் முழு ஆல்பம் 'கிளேர்வாயன்ஸ்' 1986இல் வந்தது. கலிபோர்னியாவில் பிளாக் ஃபிளாக் குழுவின் கிரெக் கின் நடத்திய எஸ்.எஸ்.டி. நிறுவனம் 1987இலும் 1988இலும் 1989இலும் வருடத்துக்கு ஒன்றாக அவர்களுடைய மூன்று ஆல்பங்களை வெளியிட்டது. நிர்வாணாவின் முதல் ஆல்பம் 1989 ஜூனில் வெளிவந்தது. எபிக் என்ற பெருநிறுவனத்துக்கு ட்ரீஸ் செய்த முதல் ஆல்பம் 'அங்கிள் அனஸ்தீஷியா' 1991 ஜனவரியில் வந்துவிட்டது. சவுண்ட்கார்டனின் கிறிஸ் கார்னெல் அதன் தயாரிப்பாளர்களில் ஒருவர். உலகத்தைப் புரட்டிய 'நெவர்மைன்ட்' வந்தது அதே ஆண்டு செப்டெம்பரில். யார் யாருடைய அலையில் வந்தார்கள்?

அவர்கள் வாசித்ததும் வேறு. சியாட்டில்காரர்கள் பலரும் பிளாக் சாபத்தின் கனத்தையும் பங்க்கின் வேகத்தையும் கலந்தார்கள். எலென்ஸ்பர்க் பையன்கள் அறுபதுகளின் சைக்கடெலிக் இசைக்குப் போனார்கள். வளைந்து நெளியும் கிட்டார், கனவும் நிறமும் கலங்கிய படிமங்கள், சடாரென்று முடிந்துவிடும் இரண்டரை நிமிடப் பாட்டுகள். அதில் காரி லீ கானரின் கை எங்கும் தெரியும். அந்த ஆரம்ப ஆல்பங்களில் மெட்டிலும் வரியிலும் பெரும்பங்கு அவருடையது. வீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பாட்டாக எழுதிக்கொண்டே இருந்த மனிதர்.

லானகனின் தனிப்பட்ட குறையும் இங்கேதான் தொடங்குகிறது. இன்னொருவன் எழுதிய வரிகளைத் தான் பாடவேண்டி வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. 2020இல் வெளியான 'சிங் பேக்வர்ட்ஸ் அண்ட் வீப்' என்ற தன்வரலாற்றில் இந்தக் கசப்பை அவர் மறைக்கவில்லை. ஆரம்ப ஆல்பங்களை அவர் மதிக்கவேயில்லை. காரி லீயைப் பற்றி எழுதிய பக்கங்களில் இரக்கம் என்பதே கிடையாது. புத்தகம் என்னவோ அபாரமான புத்தகம். தன்னைத் தானே அதைவிடக் கேவலமாக எழுதிக்கொண்ட மனிதரை 'நேர்மையானவர்' என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அந்த நேர்மையின் ஈரம் காய்வதற்குள், குழுவைப் பற்றிய அவருடைய தீர்ப்பையும் அப்படியே பிரதி எடுத்துக்கொண்டார்கள். அஞ்சலிகளின் கதை அங்கிருந்து வந்ததுதான்.

ஒரு மனிதன் தன்னைப் பற்றி உண்மை சொல்கிறான் என்பதற்காகத் தன் சகாக்களைப் பற்றியும் உண்மைதான் சொல்கிறான் என்று கொள்ள முடியாது. குடும்பச் சண்டையில் ஒருதரப்பு வாக்குமூலத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதும் நீதிபதி எந்த ஊரில் இருக்கிறார்? அதுவும் மற்றத் தரப்பின் வாக்குமூலம் தொலைந்துபோனதல்ல, ஆல்பம் ஆல்பமாகக் கிடைக்கிறது. 'ஈவன் இஃப் அண்ட் எஸ்பெஷலி வென்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'ட்ரான்ஸ்ஃபிகரேஷன்'. கிட்டார் வளையம் வளையமாகச் சுற்றுகிறது. நடுவில் இருபத்து மூன்று வயதைத் தாண்டாத ஒரு குரல், இன்னும் முழுசாகக் கனக்காதது, தனக்குச் சொந்தமில்லாத சொற்களுக்குள் தன் இடத்தைத் தேடித் துழாவுகிறது. அந்தத் தேடலைத்தான் நான் வளர்ச்சி என்கிறேன். தன் சொற்கள் கிடைக்கும்வரை அந்தக் குரல் எங்கே போய்க் காத்திருந்திருக்கும்?

தான் எழுதாததைப் பாடினால் பாட்டில் உயிர் இருக்காது என்பது ராக் உலகத்தின் பெரிய மூடநம்பிக்கை. தமிழ்க் காதுகள் அதை நம்பத் தேவையில்லை. டி.எம். சௌந்தரராஜன் கண்ணதாசனின் சொற்களை, விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் மெட்டில், சிவாஜியின் வாய்க்காகப் பாடினார். அந்தப் பாட்டில் அவருக்கென்று எழுத்தில் ஒரு சொல் கிடையாது, மெட்டில் ஒரு சுரம் கிடையாது, திரையில் முகமும் கிடையாது. அதனால் அந்தத் துயரம் பொய்யாகிவிட்டதா? கேட்டு அழுத எங்கள் அப்பாக்கள் ஏமாளிகளா? வேறொருவர் கொடுத்த சொல்லைத் தன் தொண்டையில் வைத்து உண்மையாக்குவது ஒரு கலை. நம் பாட்டு மரபில் பாதி அந்தக் கலைதான்.

இன்னொன்றும் நம்மிடம் உண்டு. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த வீடுகளில் ஒரு பாட்டு ஒலித்தால் முதலில் விழும் கேள்வி 'மியூசிக் ஆர்?' என்பதுதான். அதற்குப் பிறகுதான் பாடியவர். மெட்டுப் போட்டவனுக்கு முதல் மரியாதை தரும் பழக்கம் நம்முடையது. இந்தப் பழக்கத்தோடு ட்ரீஸின் ஆல்பங்களைக் கேட்கும் எவருக்கும் காரி லீ கானரின் பெயர் கண்ணில் படாமல் போகாது. ஆங்கிலத்தில் எழுதும் விமர்சகர்களுக்கு அது படவில்லை. பட்டபோதும் அவர்கள் பார்த்தது வேறொன்றை.

கானர் சகோதரர்கள் இருவரும் பருமனான மனிதர்கள். தொண்ணூறுகளின் இசைப் பத்திரிகைகளை இப்போது புரட்டினால் ட்ரீஸைப் பற்றிய கட்டுரைகளில் அவர்களுடைய எடை ஒரு தவறாத விருந்தாளி. ஒட்டிய கன்னமும் வாடிய கண்ணுமாய், பசியில் கிடப்பவர்கள்போலத் தோன்றும் இளைஞர்கள்தான் அன்றைய சந்தைக்குத் தேவைப்பட்டார்கள். நாலு பேரில் லானகன் ஒருவர் மட்டும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கினார். அவருடைய முகத்தைத் தனியாக வெட்டி எடுக்கும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது. 2022இல் அஞ்சலி எழுதியவர்கள் அதை முடித்துவைத்தார்கள்.

மேடைக் காட்சிகளைத் தேடிப் பாருங்கள். காரி லீ தரையில் புரளுவார், துள்ளுவார், கையைக் காற்றாடிபோலச் சுழற்றிக் கிட்டாரில் அடிப்பார். லானகன் ஒலிவாங்கித் தண்டை இரு கைகளாலும் பிடித்தபடி கண்ணை மூடி நிற்பார். ஒரு சொல் பேச மாட்டார். கோயில் வீதியில் தவில்காரர் தோள் குலுங்க முழக்கும்போது நாதஸ்வரக்காரர் அசையாமல் நிற்பாரே, அதுபோல. ஒன்றில்லாமல் மற்றது நிற்காது. குழுவின் பெயர் அலறும் மரங்கள், ஆனால் பாடகர் அலறுவதில்லை. அலறலைக் கிட்டார் எடுத்துக்கொண்டது. அதனால்தான் குரல் அமைதியாக ஆழத்துக்கு இறங்க முடிந்தது. கார்னெல் உச்சிக்கு ஏறினார், ஆலிஸ் இன் செயின்ஸின் லேன் ஸ்டேலி அறுத்தார், கோபேன் கிழித்தார். லானகன் ஒருவர்தான் கீழே போனார். அந்தத் தலைமுறையில் கீழ்ஸ்தாயியை வீடாக்கிக்கொண்ட பாடகர் வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை. அப்படிப் போவதற்கு மேலே யாராவது சத்தம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

1992இல் 'சிங்கிள்ஸ்' என்ற ஹாலிவுட் படம் வந்தது. சியாட்டில் இளைஞர்களின் காதல் கதை. அதன் பாட்டுத் தொகுப்பில் 'நியர்லி லாஸ்ட் யூ' இடம்பெற்றது. அதே ஆண்டு செப்டெம்பரில் அந்தப் பாட்டைக் கொண்ட 'ஸ்வீட் ஒப்லிவியன்' வெளிவந்தது. இம்முறை டிரம்ஸில் பாரெட் மார்ட்டின். பெரும்பாலான வரிகளை இப்போது லானகனே எழுதத் தொடங்கியிருந்தார். சரி, அப்போ தன் சொற்கள் வந்ததும் பாட்டுகள் சிறந்தனவே என்று கேட்பீர்கள். சிறந்தன. மறுக்கவில்லை. ஆனால் 'நியர்லி லாஸ்ட் யூ'வின் உரிமைப் பெயர்களைப் பாருங்கள்: லானகனோடு இரண்டு கானர்களும் நிற்கிறார்கள். அந்தப் பாட்டில் உங்கள் நெஞ்சைத் தள்ளுவது எது? நேர்மையாகச் சொல்லுங்கள். முதல் சில நொடிகளில், லானகன் வாயைத் திறப்பதற்கு முன்பே, தள்ளிவிடுகிறது.

ஆல்பம் ஓரளவு விற்றது. அதே எபிக் நிறுவனம் வெளியிட்ட பேர்ல் ஜாம் மில்லியன் கணக்கில் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆல்பம் 1993இல் வந்திருந்தால் கதையே வேறு. வரவில்லை. ஒருமுறை பதிவுசெய்யப் போய் அதைத் தூக்கிப் போட்டார்கள். நாலு வருடம் போயிற்று. போதைப்பொருள், சண்டை, கோபேனின் சாவு எல்லாம் அந்த நாலு வருடத்துக்குள். இதை விரிவாக அறிய விரும்புகிறவர்களுக்கு அஞ்சலிக் கட்டுரைகள் வேண்டியமட்டும் இருக்கின்றன. எனக்கு அதில் ஆர்வமில்லை.

எனக்கு ஆர்வம் 1996 ஜூனில் வெளிவந்த 'டஸ்ட்' ஆல்பத்தில்.

அப்போது நான் ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன். வயது இருபத்தொன்று. இரவு பதினொன்றுக்குத் தொடங்கிக் காலை ஏழு வரை. இறுவட்டு வாங்கக் காசு கிடையாது. கூட வேலை செய்த ஒரு போர்த்துக்கேயப் பையன் கசெற்றில் பதிந்து தந்தான். முதல் பாட்டு 'ஹேலோ ஆஃப் ஆஷஸ்' மின்சிதாரில் தொடங்குகிறது. வெள்ளைக்காரன் சிதாரைத் தொட்டால் ஊதுபத்தி வாசம் அடிக்குமோ என்று எனக்கு எப்போதும் ஒரு பயம். இதில் அந்த வாசமே இல்லை. காரி லீ அதை ஒரு முரட்டுக் கம்பி வாத்தியமாகவே கையாளுகிறார். அதற்குள் லானகனின் குரல் நுழையும்போது அது 1987இன் குரல் இல்லை. ஒன்பது வருடத்தில் அது பாறையாகிவிட்டது. ஆனால் பாறையின் மேல் ஓடும் தண்ணீர் அதே தண்ணீர்தான், எலென்ஸ்பர்க் வீடியோக் கடையிலிருந்து வந்த தண்ணீர்.

'ஸ்வார்ன் அண்ட் ப்ரோக்கன்' என்றொரு பாட்டு. டாம் பெட்டியின் குழுவைச் சேர்ந்த பென்மான்ட் டென்ச் இந்த ஆல்பத்தில் விசைப்பலகை வாசித்திருக்கிறார். அந்தப் பாட்டில் அவருடைய ஆர்கன் எழும்பும் இடத்தில் கிரஞ்ச் என்ற சொல்லே கரைந்துபோகும். தேவாலயமும் இல்லை, மதுக்கடையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் உள்ள தெருவில் விடியற்காலையில் நிற்பதுபோல இருக்கும். 'டையிங் டேஸ்' பாட்டு செத்துக்கொண்டிருக்கும் நண்பர்களைச் சுற்றி நிற்கிறது. அதில் பேர்ல் ஜாமின் மைக் மெக்ரெடி கிட்டார் வாசிக்கிறார். சியாட்டிலின் மொத்தத் துக்கத்தையும் எடுத்து வாசற்படியில் வைத்த பாட்டு என்று நான் அதைச் சொல்வேன். ஆனால் அழவைக்க முயலாத பாட்டு. வேகமாகப் போகிறது, தலையை நிமிர்த்திக்கொண்டு போகிறது. கடைசிப் பாட்டு 'கோஸ்பெல் பிளோ'. ஆறு நிமிடம். ஐந்தரை மணிக்கு, கடைசிப் பாண் தட்டுகள் சூளையிலிருந்து வரும் நேரத்துக்கு, அதைச் சரியாக வைத்துக் கேட்பேன். மேற்பார்வையாளர் காதில் வயரைக் கண்டால் ஏசுவார். அதனால் ஒரு காதில் மட்டும்.

அந்த ஆல்பம் விற்கவில்லை. 1996இல் கிரஞ்ச் முடிந்துபோன சமாசாரம் என்று எல்லோரும் முடிவுசெய்திருந்தார்கள். அந்தக் கோடையில் மெட்டாலிகா தலைமையேற்ற லொலப்பலூசா சுற்றுப்பயணத்தில் ட்ரீஸ் வாசித்தார்கள். இரண்டாவது கிட்டாருக்கு ஜோஷ் ஹாமி என்ற பையன் சேர்ந்தான். பின்னாளில் குயீன்ஸ் ஆஃப் த ஸ்டோன் ஏஜை நடத்தியவன். எபிக் கைவிட்டது. தொண்ணூறுகளின் கடைசியில் இன்னொரு ஆல்பத்துக்கான பாட்டுகளைப் பதிவுசெய்தும் வாங்க ஆளில்லை. அவை 'லாஸ்ட் வேர்ட்ஸ்' என்ற பெயரில் 2011இல்தான் வெளிவந்தன, பாரெட் மார்ட்டினின் முயற்சியால். 2000ஆம் ஆண்டு ஜூனில் சியாட்டிலில் ஒரு இசை அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது ட்ரீஸ் கடைசியாக வாசித்துவிட்டுக் கலைந்தார்கள். அருங்காட்சியகத் திறப்பில் முடிந்த குழு. இதைவிடக் குரூரமான நகைச்சுவையை லானகன்கூட எழுதியிருக்க மாட்டார்.

'குறைத்து மதிப்பிடப்பட்ட குழு' என்று இப்போது சிலர் ட்ரீஸுக்குப் பட்டம் தருகிறார்கள். அந்தச் சொல்லும் எனக்கு ஆகாது. ஆறுதல் பரிசு மாதிரி இருக்கிறது. குறைத்து மதிப்பிட்டது யார், எதனால், அதனால் யாருக்கு ஆதாயம் என்ற மூன்று கேள்வியையும் கேட்காமல் தப்பிக்க உதவும் சொல்.

இன்னொரு கணக்கும் தீர்க்க வேண்டும். அந்த இசையின் புனிதர் பட்டியல் சாவின் பட்டியலாகவே எழுதப்பட்டிருக்கிறது. மதர் லவ் போனின் ஆன்ட்ரூ வுட் 1990இல், வயது 24. கர்ட் கோபேன் 1994இல், 27. லேன் ஸ்டேலி 2002இல், 34. கார்னெல் 2017இல், 52. இளமையில் செத்தவனின் குழுவுக்குப் புராணம் கிடைக்கிறது, பிழைத்தவனின் குழுவுக்கு அடிக்குறிப்பு. லானகன் பிழைத்தார். அவர் பிழைப்பார் என்று யாருமே பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். பிழைத்தபிறகு சும்மா இருக்கவும் இல்லை. தன் பெயரில் பத்துக்கு மேற்பட்ட ஆல்பங்கள், இசபெல் கேம்பெலோடு மூன்று, கிரெக் டல்லியோடு ஒன்று, குயீன்ஸ் ஆஃப் த ஸ்டோன் ஏஜோடு பாட்டுகள். கொரோனாவில் கோமாவுக்குப் போய்த் திரும்பி வந்து அதையும் 'டெவில் இன் எ கோமா' என்று புத்தகமாக்கினார். இவ்வளவு வேலை செய்த மனிதரைப் பற்றிய கட்டுரைகளில் முதல் பத்தியிலேயே ஹெராயின் ஊசி வந்துவிடுகிறது. 1992இல் கறுத்து வீங்கிய கண்ணோடு அவர் லெட்டர்மேன் நிகழ்ச்சியில் பாடிய கதையும் தவறாமல் வரும். அன்றைக்கு அந்தக் கண்ணுக்குக் கீழே இருந்த வாய் என்ன பாடியது, பின்னால் நின்றவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று ஒரு வரி வராது.

கோபேனின் புகழிலும் லானகனுக்கு ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். நிர்வாணா 1993 நவம்பரில் எம்.டிவிக்காக வாசித்த கச்சேரியின் கடைசிப் பாட்டு, லெட்பெலி பாடிப் புகழ்பெற்ற அந்தப் பழைய நாட்டுப்பாடல், உலகம் முழுக்கத் தெரியும். அதே பாட்டை லானகன் தன் முதல் தனி ஆல்பமான 'த வைண்டிங் ஷீட்'டில் 1990இலேயே பாடிவிட்டார். அதில் கிட்டார் கோபேன், பேஸ் நிர்வாணாவின் நோவோசெலிக். டிரம்ஸ்? மார்க் பிக்கெரல். ஸ்க்ரீமிங் ட்ரீஸின் டிரம்ஸ்காரர். தனி ஆல்பம் என்று நாம் சொல்லும் அந்த இடத்திலும் ஒரு மரம் நிற்கிறது.

போன வருடம் என் மருமகன், இங்கே பிறந்தவன், கிட்டார் வாசிப்பவன், என்னிடம் கேட்டான்: "மாமா, லானகன் எண்டால் அந்த குயீன்ஸ் ஆஃப் த ஸ்டோன் ஏஜில பாடினவரெல்லோ? இந்த ட்ரீஸ் ஆரு?" நான் ஒன்றும் சொல்லாமல் 'டஸ்ட்' போட்டேன். முதல் பாட்டு முடிய முன்னமே கேட்டான்: "கிட்டார் ஆர் மாமா?" எனக்கு அப்படியொரு சந்தோஷம். அவனுக்கு இலங்கை வானொலி தெரியாது, விஸ்வநாதன்–ராமமூர்த்தியும் தெரியாது. ஆனால் சரியான கேள்வியை எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

இதைத் தமிழில் ஏன் எழுதுகிறாய் என்று ஒரு நண்பர் கேட்டார். வெள்ளைக்காரப் பையன்களின் மனச்சோர்வு நமக்கெதற்கு என்பது அவர் வாதம். நமக்குச் சொந்தமாகத் துக்கம் போதாதா என்றும் சொன்னார். போதும்தான். ஆனால் அந்த இரவுகளில் நான் கேட்டது இதைத்தான். நான் மட்டுமா? தொண்ணூறுகளில் இந்த நகரத்தின் தொழிற்சாலைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் நின்ற எத்தனையோ தமிழ்ப் பையன்களின் காதில் இந்தக் கிட்டார்கள் கேட்டுக்கொண்டிருந்தன. எங்கள் இலக்கியத்தில் அது பதிவாகவில்லை. அகதி இளைஞன் என்றால் இளையராஜாவைக் கேட்டு ஊரை நினைத்து அழுதுகொண்டிருப்பான் என்பது கதைகளில் ஒரு கட்டாயம்போலாகிவிட்டது. இளையராஜாவையும் கேட்டேன். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் யாரும் அறியாத ஒரு சிற்றூரிலிருந்து வந்தவர்கள், தலைநகரத்தின் பெயரால் அழைக்கப்பட்டு, தலைநகரத்துக் கணக்கில் கடைசி வரியில் எழுதப்பட்டால் எப்படியிருக்கும் என்பது எனக்கு வேறு வழியாகவும் தெரியும். வன்னியிலிருந்து வந்தவன் நான். 'யாழ்ப்பாணமோ?' என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

வான் கானர் 2023 ஜனவரியில், 55 வயதில், நிமோனியாவால் இறந்தார். லானகனுக்கு அடுத்து பதினொரு மாதத்துக்குள். அவருக்கு எழுதப்பட்டவை சின்னச் சின்னக் குறிப்புகள். அவற்றிலும் லானகனின் பெயர் முன்னுக்கு வந்து நின்றது. 'நியர்லி லாஸ்ட் யூ'வின் அந்தத் தள்ளல், நான் மேலே சொன்ன அந்த முதல் சில நொடிகள், அவருடைய பேஸ் கிட்டாரை எடுத்துவிட்டால் என்னவாகும் என்று யோசித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

காரி லீ கானர் குழு கலைந்த பிறகும் பாட்டெழுதுவதை நிறுத்தவில்லை. வீட்டிலேயே பதிவுசெய்து தன் பெயரில் ஆல்பங்கள் வெளியிட்டிருக்கிறார். ஒன்றின் பெயர் 'யூனிகார்ன் கறி'. தமிழர்கள் அதற்காகவாவது ஒருமுறை கேட்கலாம். அந்த நெளியும் கிட்டார் அப்படியே இருக்கிறது. அவர் தானே பாடுகிறார். பெரிய குரல் இல்லை. கேட்கும்போது மனம் தானாக அந்த மெட்டுக்கு மேல் லானகனின் குரலை வைத்துப் பார்க்கிறது, அது அப்படியே பொருந்துகிறது.

தொடங்குவதற்கு 'டஸ்ட்' நல்லது. பிறகு 'ஸ்வீட் ஒப்லிவியன்'. அதற்குப் பிறகு தயவுசெய்து தனி ஆல்பங்களுக்குத் தாவாமல் பின்னோக்கிப் போங்கள், லானகனே வெட்கப்பட்ட அந்த ஆல்பங்களுக்கு. 1988இல் வந்த 'இன்விசிபிள் லான்டர்ன்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஐவி'. ஒலிப்பதிவு கரடுமுரடாகத்தான் இருக்கும். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். பாடகரை விட்டுவிட்டுக் கிட்டாரை மட்டும் ஒருமுறை கேளுங்கள், பிறகு பாடகரை மட்டும் ஒருமுறை. அதன்பிறகும் அது சுமாரான குழுதான் என்று தோன்றினால், இந்த இதழின் முகவரிக்கு எழுதுங்கள். பதில் எழுத நான் தயார்.